பலகை, மெனு, அழைப்பிதழ்: ஆங்கிலத்தில் சொல்லின் வகை தவறினால் எங்கே பார்ப்பது, எப்படித் திருத்துவது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இப்போது எதற்கும் ஆங்கிலம் எழுத வேண்டியிருக்கிறது. பழைய வீட்டை விடுதியாக்கினால் அறைக்கு அறை அறிவிப்பு, ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) வெளியூருக்குப் போனால் மின்னஞ்சல், அறுபதாங் கல்யாணத்துக்கு இரண்டு மொழியில் அழைப்பிதழ். இவற்றில் வரும் பிழைகளில் எழுத்துப்பிழை குறைவு. அதை அலைபேசியே திருத்திவிடுகிறது. மிஞ்சுவது, ஒரு வகைச் சொல்லின் இடத்தில் இன்னொரு வகைச் சொல்லை வைத்துவிடும் பிழை. இங்கே அதை அறிகுறி வாரியாகப் பார்க்கிறோம். எழுதிய வரியில் எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் கருவி பற்றிய அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கருவி

பள்ளியில் சொல்லித்தருவது பொருளை வைத்து: பெயரைக் குறிப்பது நவுன், செயலைக் குறிப்பது வெர்ப், பண்பைக் குறிப்பது அட்ஜெக்டிவ். தொடக்கத்துக்கு இது போதும், பிழை பார்க்க உதவாது. ‘வெட்டிங்’ என்பது நாள் முழுக்க நடக்கும் செயல்தான், ஆனால் அது நவுன். ‘ஓன்’ என்றால் உடைமையாக வைத்திருப்பது. அதில் யாரும் எதையும் செய்வதில்லை, ஆனாலும் அது வெர்ப்.

மொழியியலாளர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். சொல் எதைக் குறிக்கிறது என்பதை ஒதுக்கிவிட்டு, அது எந்த ஒட்டை ஏற்கிறது, எதற்கு முன்னும் பின்னும் வருகிறது என்பதை வைத்து வகை பிரிக்கிறார்கள். இது நமக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியம் வினைச்சொல்லை வரையறுக்கும் இடத்தில் செயல் என்ற பேச்சையே எடுப்பதில்லை. வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்கிறது. ஒட்டை வைத்துச் செய்த வரையறை அது. ஆங்கிலத்துக்கும் அதே வழிதான்.

ஐயம் வந்த சொல்லிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, வடிவம். பன்மை ‘ஸ்’ ஏற்குமா? அப்படியானால் நவுன். இறந்தகால வடிவமும் ‘இங்’ வடிவமும் இரண்டும் உண்டா? வெர்ப். ‘ஓல்டர், ஓல்டஸ்ட்’ போலவோ ‘மோர் பியூட்டிஃபுல்’ போலவோ ஏறி இறங்குமா? அட்ஜெக்டிவாக இருக்கலாம், அட்வெர்பாகவும் இருக்கலாம்.

இரண்டு, இடம். ‘தி’ போட்டு அங்கேயே நிறுத்த முடிகிறதா? ‘வெரி’யை முன்னால் வைக்க முடிகிறதா? ‘கேன்’, ‘வில்’ இவற்றை அடுத்து நேராக வருகிறதா?

மூன்று, மாற்று. வகை உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். நவுனுக்கு ‘ஹவுஸ்’, வெர்புக்கு ‘கோ’, அட்ஜெக்டிவுக்கு ‘ஓல்ட்’. எது உட்காருகிறதோ அந்த வகைக்கான இடம் அது.

ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ‘மஸ்ட்’ வெர்ப்தான், ஆனால் ‘இங்’ ஏற்காது. ‘ஃபர்னிச்சர்’ நவுன்தான், ஆனால் பன்மை ஏற்காது. இரண்டு மூன்று சோதனை ஒரே பக்கம் கை காட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

வகையும் வேலையும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். தூண் தேக்கா கருங்கல்லா என்பது ஒன்று. முகப்பில் நிற்கிறதா வளவில் (உள்முற்றத்தில்) நிற்கிறதா என்பது இன்னொன்று. தேக்குத் தூணை எங்கே நட்டாலும் அது தேக்குதான். நவுனை இன்னொரு நவுனுக்கு முன்னால் அடையாக வைத்தாலும் அது நவுன்தான். கீழே வரும் குழப்பங்களில் பாதி இங்கே பிறப்பவை.

அறிகுறி: ‘ஆஃப் தி லைட்’, ‘ஆன் தி ஃபேன்’, ‘டோன்ட் லேட்’

அறைக்கதவின் பின்புறம் ஒட்டும் தாளில் அதிகம் பார்ப்பது இதுதான். காரணம் நம்முடைய ‘பண்ணு’. ஆங்கிலச் சொல் எந்த வகையானாலும் ‘பண்ணு’ அதை வினையாக்கிவிடும். ‘ஓபன் பண்ணு’வில் இருப்பது வெர்ப், ‘லேட் பண்ணாதே’யில் இருப்பது அட்ஜெக்டிவ், ‘ஆஃப் பண்ணு’வில் இருப்பது இரண்டும் இல்லை. தமிழுக்குள் இருக்கும்வரை மூன்றுக்கும் வேறுபாடு தெரியாது. திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘பண்ணு’வைக் கழற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே எழுதுகிறோம். மிஞ்சியது வெர்பாக இல்லாவிட்டால் வாக்கியத்தில் வினையே இல்லாமல் போகிறது. ‘ஆன் தி ஃபேன்’ என்பதை வெளிநாட்டு விருந்தினர் படித்தால் மின்விசிறியின் மேல் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சோதனை: இறந்தகால வடிவம் போட்டுப் பாருங்கள். ‘ஓபன்ட்’ வரும், ‘கிளீன்ட்’ வரும், ‘கன்ஃபர்ம்ட்’ வரும். ‘லேட்டட்’ வராது. ‘ஆஃப்’ வெர்பாக வருவது ஆளைத் தீர்த்துக்கட்டுவது என்ற கொச்சை வழக்கில். விளக்குக்கு அது ஆகாது.

திருத்தம்: ‘ஆஃப்’, ‘ஆன்’ இரண்டுக்கும் ‘ஸ்விட்ச்’ அல்லது ‘டர்ன்’ என்ற வெர்பை முன்னால் வையுங்கள். ‘ஸ்விட்ச் ஆஃப் தி லைட்’, ‘ஸ்விட்ச் தி லைட் ஆஃப்’, இரண்டும் சரி. ஆனால் ‘லைட்’டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ நிற்காது. ‘லேட்’டுக்கு ‘பி’ வேண்டும்: ‘டோன்ட் பி லேட்’.

ஒரு எச்சரிக்கை. ‘பண்ணு’வோடு வருவதெல்லாம் தவறு என்று அடித்துவிடாதீர்கள். ஆங்கிலமே வடிவம் மாற்றாமல் வகை மாற்றும் மொழி. ‘கரெக்ட்’ அட்ஜெக்டிவ், அதே வடிவில் வெர்பும்கூட. ‘ரெடி தி ரூம்’ சற்றே பழைய வாடை அடித்தாலும் நல்ல ஆங்கிலம். எந்தச் சொல் மாறும், எது மாறாது என்பதற்கு விதி கிடையாது. இறந்தகால வடிவம் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

அறிகுறி: ‘தி ரூம் லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’, ‘தி ஃபுட் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி’

ஓரளவு நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள் செய்யும் பிழை. வெர்பை அடுத்து அட்வெர்ப்தான் வர வேண்டும் என்று படித்திருப்பார்கள். தமிழும் அதற்குத் துணை போகிறது. நாம் ‘வீடு அழகாக இருக்கிறது’, ‘குழம்பு காரமாக இருக்கிறது’ என்கிறோம். ‘அழகாகப் பாடினாள்’ என்பதிலும் அதே ‘ஆக’. தமிழில் இரண்டு இடத்துக்கும் ஒரே ஒட்டு. ஆங்கிலம் அந்த இரண்டு இடத்தையும் பிரித்துவிடுகிறது: இருப்பைச் சொல்லும் இடத்தில் அட்ஜெக்டிவ், செய்த விதத்தைச் சொல்லும் இடத்தில் அட்வெர்ப்.

சோதனை: வெர்பை எடுத்துவிட்டு ‘இஸ்’ போடுங்கள். பொருள் ஏறக்குறைய அப்படியே நின்றால் பின்னால் வர வேண்டியது அட்ஜெக்டிவ். ‘தி குழம்பு டேஸ்ட்ஸ் ஸ்பைஸி’: ‘இஸ் ஸ்பைஸி’ என்றாலும் அதே குழம்பு, அதே காரம். இப்போது ‘தி குக் டேஸ்டட் தி குழம்பு கேர்ஃபுல்லி’ என்பதை எடுங்கள். இங்கே ‘வாஸ்’ போட்டால் சமையற்காரரே குழம்பாகிவிடுவார். ஆகவே இங்கே அட்வெர்ப் சரி. வெர்ப் ஒன்றேதான், அது நிற்கிற அமைப்பு வேறு.

இப்படி ‘இஸ்’ போல நடக்கக்கூடியவை அதிகம் இல்லை: லுக், டேஸ்ட், ஸ்மெல், ஃபீல், சவுண்ட், சீம், பிகம், இன்னும் சில. மெனு எழுதுகிறவர்களுக்கு முதல் மூன்றும் மனப்பாடமாக வேண்டும்.

‘லி’ என்று முடிவதெல்லாம் அட்வெர்ப் என்ற எண்ணம் இதோடு சேர்ந்து வரும். அட்ஜெக்டிவோடு ‘லி’ சேர்ந்தால் பெரும்பாலும் அட்வெர்ப்: ஸ்லோ, ஸ்லோலி. நவுனோடு சேர்ந்தால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ்: ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி. அதனால் ‘ஹீ ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ நிற்காது. ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் போக வேண்டும். ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ இரண்டும் வடிவம் மாறாமலே அட்வெர்பாகவும் நிற்கும். பரிந்துரைக் கடிதத்தில் ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்’ என்பதைக் கௌரவமாக்குவதாக நினைத்து ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்று எழுதிக் கொடுத்தால், ஆள் வேலையே செய்வதில்லை என்று பொருள். பையனுக்கு வேலை கிடைக்காது.

அறிகுறி: ‘கேன் ஏபிள் டு’, ‘ஐ அவேர்’, ‘ஐ ஆம் அக்ரீ’, ‘ஐ வில் சக்ஸஸ்’

நான்கும் ஒரே நோய். தமிழில் இயலும், தெரியும், சம்மதம், வெற்றி என்று நாம் சொல்பவற்றின் வகையும் ஆங்கிலச் சொல்லின் வகையும் பொருந்தவில்லை. ‘இயலும்’ வினை, ‘ஏபிள்’ அட்ஜெக்டிவ். ‘சம்மதம்’ பெயர், ‘அக்ரீ’ வெர்ப்.

சோதனை: அந்தச் சொல்லை வைத்துக் கேள்வி கேளுங்கள். ‘டூ யூ’ என்று தொடங்க முடிந்தால் வெர்ப். ‘ஆர் யூ’ என்று தொடங்கினால்தான் நிற்கிறதென்றால் அட்ஜெக்டிவ். டூ யூ அக்ரீ? ஆர் யூ அவேர்? ஆர் யூ ஏபிள்? இரண்டிலும் நிற்கவில்லையென்றால் நவுனாக இருக்கும். ‘சக்ஸஸ்’ அப்படித்தான், அதன் வெர்ப் ‘சக்ஸீட்’, அட்ஜெக்டிவ் ‘சக்ஸஸ்ஃபுல்’.

‘கேன்’ தன்னை அடுத்து வெர்பைத்தான் கேட்கும், ‘ஏபிள்’ தனக்கு முன்னால் ‘பி’ வகை வெர்பைக் கேட்கும். அதனால் இரண்டையும் ஒட்ட முடியாது. ‘கேன் அரேஞ்ச்’ அல்லது ‘ஆர் ஏபிள் டு அரேஞ்ச்’, ஏதாவது ஒன்று.

இதே குடும்பத்தில் ‘போதும்’ ஒன்று. தமிழில் அது தனியாக நிற்கும் வினை. ‘பத்து இலை போதும்’ முழு வாக்கியம். ‘இனஃப்’ வெர்ப் அல்ல, ஆகவே ‘டென் பிளேட்ஸ் இனஃப்’ ஊனமாகவே நிற்கும். நடுவில் ‘ஆர்’ போடுங்கள், எழுந்துவிடும்.

‘இல்லை’யும் இப்படித்தான். நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘நோ’வும் ‘நாட்’டும் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘நோ’ நவுனுக்கு முன்னால் வரும்: நோ பார்க்கிங், நோ என்ட்ரி. ‘நாட்’ துணைவினையை அடுத்து வரும்: இஸ் நாட் அவைலபிள். ‘ரூம் இஸ் நோ அவைலபிள்’ என்று எழுதியிருந்தால் ‘நோ’வை அடுத்து நிற்பது நவுனா என்று பாருங்கள். ‘அவைலபிள்’ அட்ஜெக்டிவ், ஆகவே ‘நாட்’.

அறிகுறி: ‘ஆன்டிக் ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’

காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் இந்தச் சோதனையைச் செய்ய நல்ல இடம். ‘ஆன்டிக்ஸ்’ என்று பலகையில் இருந்தால் சரி. ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று இருந்தால், வெளிநாட்டில் வாங்குகிறவர் கண்ணில் பிழை. இரண்டும் ஒரே நாற்காலியைத்தான் குறிக்கின்றன. அப்படியிருக்க ஒன்றை எண்ணலாம், மற்றதை எண்ணக்கூடாது என்பதற்குப் பொருளில் காரணம் தேடினால் கிடைக்காது. சமையற்கட்டிலேயே பாருங்கள்: ‘லென்டில்ஸ்’ பன்மை, ‘ரைஸ்’ ஒருமை. பருப்பும் அரிசியும் ஒரே அளவு மணிதான். எண்ணத்தக்கது, எண்ணத்தகாதது என்று பெயர் வைத்திருப்பதால் கையால் எண்ண முடியுமா என்று யோசிக்கிறோம். மொழியியலாளர் பார்ப்பது அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதை மட்டும்.

சோதனை: முன்னால் ‘மெனி’ நிற்கிறதா, ‘மச்’ நிற்கிறதா? ‘எ’ அல்லது ‘டூ’ நேராகச் சேருமா? ‘மெனி ஆன்டிக்ஸ்’, ‘டூ ஆன்டிக்ஸ்’ சேரும். ‘டூ ஃபர்னிச்சர்’ சேராது. ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்று அளவுச் சொல் ஒன்று நடுவில் வேண்டும்.

நம் பக்கத்துக் கடிதங்களில் அடிக்கடி தவறுபவை: ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், கட்லரி, கிராக்கரி, சீனரி, வுட்ஒர்க். ஒன்றுக்கும் ‘ஸ்’ கிடையாது. ‘ஸ்டாஃப்’ கொஞ்சம் வேறு: அது வேலை செய்கிற கூட்டம் முழுவதையும் குறிக்கும். ஒருவரைச் சொல்ல ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. ‘டூ ஸ்டாஃப்ஸ்’ வேண்டாம். ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ‘டைல் ஒர்க்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தால் அதில் கை வைக்காதீர்கள். தொழிற்கூடம் என்ற பொருளில் ‘ஒர்க்ஸ்’ சரியான சொல்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நின்று பொருள் மாறுவதும் உண்டு. அது விடுதிக்காரரைக் கவிழ்க்கும். ‘தேர் இஸ் நோ ரூம்’ என்றால் இடமில்லை. ‘தேர் ஆர் நோ ரூம்ஸ்’ என்றால் தங்கும் அறை காலி இல்லை. கூடத்தில் பாய் விரிக்கவாவது இடம் கிடைக்குமா என்று கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே பதில் அல்ல. ‘சிக்கன்’ என்றால் கறி, ‘எ சிக்கன்’ என்றால் முழுக் கோழி. பெப்பர் வறுவலுக்கு நேராக ‘எ’ போடும்முன் யோசியுங்கள்.

இந்தியாவில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ பரவலாகப் புழங்குகிறது. இது இந்திய ஆங்கிலத்தின் ஒரு போக்கு என்று பதிவு செய்வதோடு மொழியியலாளர் நின்றுகொள்வார். ஏற்றுமதிப் பட்டியல் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அறிகுறி: ‘எ டென் ஃபீட் டோர்’, ‘பர்மா டீக் ஓல்ட் பில்லர்’

வீட்டை வருணிக்கும் குறிப்பில் வரும் பிழைகள். அடிப்படை இதுதான்: ‘டீக் பில்லர்’ என்பதில் ‘டீக்’ அட்ஜெக்டிவ் அல்ல. ‘வெரி டீக்’ வராது, ‘டீக்கர்’ வராது, ‘பிகேம் டீக்’ வராது. அது நவுன், அடையாக வேலை பார்க்கிறது, அவ்வளவே. தேக்குத் தூண், கல் தூண் என்று நாமும் பெயரோடு பெயரைச் சேர்க்கிறோமே.

இது தெரிந்தால் இரண்டு காரியம் சரியாகும். முதலாவது வரிசை. அட்ஜெக்டிவ் வெளியே, அடையான நவுன் தலைச்சொல்லை ஒட்டி உள்ளே. ‘டூ ஓல்ட் பர்மா டீக் பில்லர்ஸ்’ சரி. ‘ஓல்ட்’ உள்ளே போகாது. ‘எக்ஸ்பென்சிவ் ஹேண்ட்மேட் ஆத்தங்குடி டைல்ஸ்’ என்றால் ஊர்ப்பெயர் கல்லை ஒட்டி நிற்கும். ‘ஆத்தங்குடி ஹேண்ட்மேட்’ என்று திருப்பினால் காதில் இடறும்.

இரண்டாவது பன்மை. அடையாக நிற்கும் நவுன் பொதுவாக ஒருமையில் நிற்கும். கதவு பத்தடி உயரம் என்பதை ‘தி டோர் இஸ் டென் ஃபீட் ஹை’ என்று எழுதலாம், அங்கே பன்மை. அதையே கதவுக்கு முன்னால் கொண்டுவந்தால் ‘எ டென்-ஃபுட் டோர்’, நடுவில் இணைகோடு. இரண்டு மாடி வீடு ‘எ டூ-ஸ்டோரி ஹவுஸ்’. ‘டைல்ஸ் ஷாப்’ அல்ல, ‘டைல் ஷாப்’. விலக்கு உண்டு: ‘ஸ்போர்ட்ஸ் ஷாப்’ எல்லோரும் சொல்வது, ‘ஆன்டிக்ஸ் ஷாப்’ பிரிட்டன் வழக்கில் உண்டு. அதனால் அந்தப் பலகையை இறக்க வேண்டியதில்லை.

‘செட்டிநாடு சிக்கன்’ என்பதிலும் ஊர்ப்பெயர் நவுன்தான். ஆனால் ‘திஸ் ஹவுஸ் இஸ் வெரி செட்டிநாடு’ என்று யாராவது எழுதினால் அது பிழையில்லை, விளையாட்டு. அந்த நொடிக்கு ஊர்ப்பெயரை அட்ஜெக்டிவாக்கி, வீட்டின் தோரணையைச் சொல்கிறார்கள். விளம்பரத்துக்கு ஆகும், பத்திரப் பதிவுக்கு ஆகாது.

அறிகுறி: ‘மை தட் ஹவுஸ்’, ‘ஹவுஸ் இஸ் ஓல்ட்’

முதலாவதில் ஒரே இருக்கையில் இரண்டு பேர். எ, தி, திஸ், தட், மை, அவர், எவ்ரி, நோ, எல்லாம் நவுன் தொடரின் தலைவாசலில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. ஒன்று உட்கார்ந்தால் மற்றது வெளியே. அந்த இடத்தை மொழியியலில் டிட்டர்மைனர் என்பார்கள். தமிழில் ‘என் அந்த வீடு’ சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘தட் ஹவுஸ் ஆஃப் மைன்’.

இரண்டாவதில் இருக்கை காலி. எண்ணத்தக்க நவுன் ஒருமையில் வந்தால் அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது. தமிழில் அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால் விட்டுப்போகிறது. எழுதி முடித்ததும் ஒருமை நவுன்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கதவில் ஒட்டும் சுருக்க அறிவிப்புகளுக்கு இந்தக் கெடுபிடி இல்லை.

அறிகுறி: ‘பூஜா வில் பி ஸ்டார்ட் அட் சிக்ஸ்’, ‘டிட் யூ வென்ட்’

அழைப்பிதழில் வருவது முதலாவது. ஆங்கில வினைத்தொடர் ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. காலம் காட்டும் உரிமை முதல் கண்ணிக்கு மட்டும். ‘டிட்’டில் இறந்தகாலம் வந்துவிட்டதால் அடுத்தது வெறும் ‘கோ’.

வில், கேன், மஸ்ட் போன்றவற்றை அடுத்து வெறும் வெர்ப். ‘டூ, டிட்’ அடுத்தும் வெறும் வெர்ப். ‘ஹேவ்’ அடுத்து பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் வடிவம்: கான், ஈட்டன், ஸ்டார்ட்டட். ‘பி’ அடுத்து ‘இங்’ வடிவம், அல்லது செயப்பாட்டுக்கு பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் வடிவம். ‘பி’யை அடுத்து வெறும் ‘ஸ்டார்ட்’ வர இந்தப் பட்டியலில் இடமே இல்லை. ‘வில் ஸ்டார்ட்’ என்று ஒரு கண்ணியைக் கழற்றினால் போதும்.

‘வில்’லை எதிர்காலம் என்று படித்தவர்களுக்கு ஒரு தகவல். செய்தான், செய்கிறான், செய்வான் என்று தமிழ் வினை மூன்று காலத்துக்கும் வடிவம் மாறும். ஆங்கில வெர்ப் இரண்டுக்குத்தான் மாறும். 1985இல் வந்த குவர்க் குழுவினரின் பேரிலக்கணமும், 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணமும் ஆங்கிலத்தில் எதிர்கால வடிவம் என்று ஒன்று இல்லை என்றே வைத்திருக்கின்றன. ‘வில்’ அங்கே ‘கேன்’, ‘மஸ்ட்’ இவற்றின் பந்தியில் உட்காருகிறது.

அறிகுறி: ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’

ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு. ஒன்று ‘இன்’, ‘அட்’ போல நவுனுக்கு முன்னால் வரும் பிரிபொசிஷன், மற்றது வெர்புக்கு முன்னால் வரும் குறி. ‘டு’வுக்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’ நிற்கிறது. ஆகவே பிரிபொசிஷன், பின்னால் ‘மீட்டிங்’. ‘வாண்ட் டு இட்’ நிற்காது. ஆகவே ‘வாண்ட் டு மீட்’. ‘யூஸ்டு டு’ இரண்டு பக்கமும் வரும்: ‘ஐ ஆம் யூஸ்டு டு தி ஹீட்’ வெயில் பழகிவிட்டது, ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் தேவகோட்டை’ முன்பு அங்கே குடியிருந்தேன்.

அறிகுறி: ‘ஆல்தோ தி ஹவுஸ் இஸ் ஓல்ட், பட் இட் இஸ் ஸ்ட்ராங்’

‘ஆல்தோ’ சார்பு வாக்கியத்தைத் தொடங்குவது, ‘பட்’ சமமான இரண்டை இணைப்பது. ஒரு மூட்டுக்கு ஒரு ஆணி போதும். தமிழில் ‘பழசானாலும்’ என்று இணைப்பு வினையின் கடைசியில், வாக்கியத்தின் நடுவில் வருகிறது. ஆங்கிலத்தில் அது முதலிலேயே போய்விடுவதால், நடுவில் ஏதோ குறைவதுபோல நம் காதுக்குப் படுகிறது. ‘பட்’ அங்கே நுழைகிறது. ‘பிகாஸ்’, ‘ஸோ’ ஜோடிக்கும் இதே மருந்து.

அறிகுறி: இரண்டு இலக்கணப் புத்தகம் ஒரே சொல்லுக்கு இரண்டு வகை சொல்கிறது

டியூஷன் எடுப்பவர்களுக்கு வரும் தொல்லை. இங்கே பிழை உங்களுடையது அல்ல, புத்தகத்துடையதும் அல்ல. வகைகளை எத்தனையாகப் பிரிப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. எட்டு என்ற கணக்குப் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கணங்களிலிருந்து இறங்கியது. அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃப்ரீஸ் 1952இல் வெளியிட்ட நூலில் நவுன், வெர்ப் என்ற பெயர்களையே விட்டுவிட்டார். பதிவு செய்த சுமார் 50 மணி நேரத் தொலைபேசிப் பேச்சை எடுத்துக்கொண்டு, ‘தி கான்செர்ட் வாஸ் குட்’ போன்ற வாக்கியச் சட்டகங்களில் எந்தச் சொல்லுக்குப் பதில் எது உட்காருகிறது என்று பார்த்தார். நான்கு பெரிய வகுப்பும், சிறு சொற்களுக்கு 15 குழுவும் கிடைத்தன. மேலே சொன்ன மாற்றுச் சோதனையின் முழு வடிவம் அது. கேம்பிரிட்ஜ் பேரிலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் வைத்திருப்பது ஒன்பது வகை.

அதிகம் சண்டை வருவது ‘பிஃபோர்’ பற்றி. ‘பிஃபோர் தி வெட்டிங்’ என்றால் பிரிபொசிஷன், ‘பிஃபோர் தே கேம்’ என்றால் கன்ஜங்ஷன், ‘ஐ ஹேவ் ஸீன் இட் பிஃபோர்’ என்றால் அட்வெர்ப் என்று பள்ளி இலக்கணம் மூன்றாக வெட்டும். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இலேயே இதைக் கேள்வி கேட்டார். ‘ஷீ ஏட் தி பணியாரம்’ என்றாலும் வெறுமனே ‘ஷீ ஏட்’ என்றாலும் ‘ஏட்’ ஒரே வெர்ப்தானே. பின்னால் ஒன்று வருகிறதா இல்லையா என்பதற்காக வகையை மாற்றுவதில்லையே. அதே நியாயத்தில் கேம்பிரிட்ஜ் நூல் மூன்று ‘பிஃபோர்’களையும் பிரிபொசிஷன் என்றே வைக்கிறது. எங்களுக்கு இந்தக் கணக்குத்தான் சரியாகப் படுகிறது. பிள்ளைகளுக்கும் ஒரு சொல்லை மூன்று தடவை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

‘மை’ இன்னொன்று. பழைய புத்தகம் பொசெசிவ் அட்ஜெக்டிவ் என்னும். ஆனால் ‘வெரி மை’ வராது, ‘தி ஹவுஸ் இஸ் மை’ வராது. அட்ஜெக்டிவுக்கான சோதனை ஒன்றிலும் தேறவில்லை. டிட்டர்மைனர் இடத்தில் நிற்கும் ப்ரோநவுன் என்பது கேம்பிரிட்ஜ் நூலின் முடிவு. வகை ப்ரோநவுன், வேலை டிட்டர்மைனர். தேக்கையும் முகப்பையும் பிரித்தோமே, அதே பிரிப்பு.

தேர்வு எழுதும் பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கினாலும், விடைத்தாளில் பாடநூல் சொல்வதையே எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவர் கையில் இருப்பது அந்த விடைக்குறிப்புத்தான். சோதனைகளைக் கட்டுரை எழுதும் பக்கத்தில் பயன்படுத்தட்டும். அங்கே யாரும் வகையின் பெயரைக் கேட்பதில்லை.

சில சொற்கள் நம் கண்முன்னே எல்லை தாண்டிக்கொண்டிருக்கும். ‘ஃபன்’ நவுனாக இருந்து, இளைஞர் பேச்சில் ‘ஸோ ஃபன்’, ‘வெரி ஃபன்’ என்று அட்ஜெக்டிவாகிவிட்டது. பேச்சில் தடையில்லை. விடுதிக் குறிப்பில் ‘எ வெரி ஃபன் குக்கிங் கிளாஸ்’ என்று போட்டால் வயதான விருந்தினர் ஒருவர் முகம் சுளிக்கலாம். ‘என்ஜாயபிள்’ போட்டுவிட்டால் இரண்டு தலைமுறைக்கும் ஆகும்.